குளம்பில்லாத ஆடு

கனகாம்பாள் தன் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய் ஒன்றுதான். அதையும் அவள் சொல்லவில்லை. அவள் கணவர், அண்ணாமலையார் கோயில் உமாமகேஸ்வர குருக்கள் சொன்னார். அவள் மறுக்காமல் இருந்தாள்.

செங்கம் சாலையில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள் மிஸ் வின்டர் என்ற வெள்ளைக்கார அம்மாள். அவளுக்குக் காரமில்லாத சாப்பாடு கனகாம்பாள் கையால்தான் போகும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் அந்த அம்மாள் சீமைக்குத் திரும்ப நேர்ந்தது. நீலகிரித் தோட்டத்துத் துரை ஒருவர் கொடுத்த குட்டி நாய் ஒன்று அவளிடம் இருந்தது. கப்பலில் கொண்டுபோனால் அங்கே ஆறு மாதம் தனியே அடைத்துவைப்பார்கள், அது ஏங்கியே செத்துப்போகும் என்று அழுதாள். கடைசியில் குருக்கள் வீட்டு வாசலுக்கே வந்து, கயிற்றைக் கனகாம்பாள் கையில் கொடுத்து, குருக்களைப் பார்த்துத் தெளிவான தமிழில், "இது நல்ல நாய்" என்றாள்.

குருக்கள் பெருந்தன்மையோடு சிரித்தார். அவள் வண்டி ஏறியதும் மனைவியிடம் சொன்னார்: "பாவம், ஆட்டுக்குட்டியை நாய்ங்கறா. போன மாசம் கிழவியை வேகவெச்சு அனுப்புன்னாளே, அந்த மாதிரி."

போன மாதம் அவள் கேட்டது கிழங்கு.

குருக்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஜந்துவின் தோற்றம் அப்படி. நெற்றிமேடே இல்லாமல் உச்சியிலிருந்து மூக்குவரை சரிந்து இறங்கும் நீண்ட முகம், உச்சியில் வெண்குடுமி, தொங்கும் காதுகளின் நுனியில் குஞ்சம், வில்லாக வளைந்த முதுகு, உடம்பெல்லாம் சுருள் சுருளாகக் கம்பளி. நடந்தால், சுடுமணலில் கால் வைத்தாற்போலத் துள்ளல். பிறக்கும்போது கறுப்பாக இருந்து வளர வளர வெளுக்குமாம். அந்த நிறத்தை மிஸ் வின்டர் நீலம் என்பாள். கனகாம்பாளுக்கு அது விபூதி நிறம். இங்கிலாந்தின் வடக்கே நிலக்கரிச் சுரங்கக் கூலிகள் எலி பிடிக்க வளர்த்த சாதி என்றும், ஊர் ஊராகத் திரியும் நாடோடிகள் பண்ணைக் காடுகளில் முயல் திருட வளர்த்ததும் இதைத்தான் என்றும், சீமையிலேயே இப்போது தேடித்தான் பார்க்க வேண்டும் என்றும் மிஸ் வின்டர் சொல்லியிருந்தாள். சாதியின் பெயர் பெட்லிங்டன். கனகாம்பாள் காதில் அது பெட்லிங்கம் என்று விழுந்தது.

"பேர்லயே லிங்கம் இருக்கே, வெச்சுக்கோ" என்றார் குருக்கள்.

அவள் வைத்துக்கொண்டாள். மடியில் போட்டுக்கொள்ளப் பிள்ளை இல்லாத வீடு அது. நாய் என்று உண்மையைச் சொன்னால் அன்றைக்கே தெருவில் விட வேண்டியதுதான். நாய் பைரவருக்கு வாகனமாக இருக்கலாம். குருக்கள் வீட்டில் இருக்கக் கூடாது. கர்ப்பக்கிருகத்தில் முறை வைத்துப் பூஜை செய்கிறவரின் வேட்டியில் நாய் ரோமம் ஒட்டியிருந்தால் ஊர் என்ன பேசும்?

நல்லவேளையாக, பெட்லிங்கத்துக்கு ரோமம் உதிராது. ஆனால் தினமும் சீவாவிட்டால் திரித்திரியாகச் சிக்கிக்கொள்ளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். காதுக்குள் வளரும் முடியை எடுக்காவிட்டால் சீழ் வைக்கும். எல்லாவற்றையும் மிஸ் வின்டரிடம் பார்த்து வைத்திருந்த கனகாம்பாள், தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள். பாதத்து முடியை மட்டும் கத்தரிக்காமல் விட்டாள், விரல் தெரியாமல் இருக்க.

குரல்தான் ஆபத்து. அது "உர்" என்று ஆரம்பித்தாலே காதோரம் பித்தளைத் தாம்பாளத்தை ஓங்கித் தட்டுவாள். சில மாதங்களில் அது குரைப்பதையே விட்டது. வீட்டில் எலிகள் ஒழிந்தன. ஆட்டுக்குட்டி வந்த ராசி என்று தெரு பேசிக்கொண்டது. புண்ணியம் தேடி அக்கம்பக்கத்தார் அகத்திக்கீரைக் கட்டுகளைக் கொண்டுவந்து போட்டார்கள். ஆட்டுக்குத் தயிர்சாதம், ஆட்டுக்கு வந்த தழை குருக்களுக்கு என்று நாலு வருஷம் ஓடியது.

அந்த வருஷம் ஆடி மாதத்தில், குருக்களின் குத்தகை நிலத்தை உழும் வேங்கிக்கால் கிராமத்துக் காசி நெல் கொண்டுவந்தான். கனகாம்பாள் கோயிலுக்குப் போயிருந்தாள். இந்த மாதிரிக் கிடா ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும் என்று, எதற்கென்று சொல்லாமல், காசி தலையைச் சொறிந்தான். பாதத்தைத் தொட்டுப் பார்த்துக் குளம்பு எங்கே என்றும் கேட்டான். சீமையில் பனி ஜாஸ்தி, குளம்பு வழுக்கும், அதனால் அங்கத்து ஆட்டுக்கு விரல் என்று குருக்கள் விளக்கினார். பிறந்தது முதல் ஆட்டோடு கிடந்தவன் காசி. ஆனாலும் சொன்னது குருக்கள். அவர் பெருந்தன்மையோடு கொடுத்துவிட, ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

கனகாம்பாள் திரும்பி வந்து வெறும் கயிற்றைக் கையில் பிடித்து நின்றபோது, பால் ஊற்றும் உண்ணாமலை வந்தாள்.

"என்னா ஐயரம்மா, நீங்களே கெடா குடுத்தீங்களாமே? புள்ளைக்கு அம்மை எறங்கனதுக்கு காசி இன்னிக்கு மாரியம்மனுக்கு வெட்றான்."

கனகாம்பாள் குருக்களின் கையைப் பிடித்து இழுத்து ஜட்காவில் ஏற்றினாள். கொடுத்தவர் கேட்டால்தானே திரும்ப வரும்.

கோயில்களில் பலியிடக் கூடாது என்று சட்டம் வந்து பத்து வருஷம் இருக்கும். மாரியம்மனுக்கு யாரும் நகல் அனுப்பவில்லை. வேப்பமரத்தடியில் கூட்டம் நின்றது. நடுவில் பெட்லிங்கம், கழுத்தில் வேப்பிலை மாலையோடு. ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினால் அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் அம்மன் உத்தரவு. உதறாத ஆட்டை வெட்டமாட்டார்கள். சில ஆடுகள் ஊரையே அரைநாள் நிற்கவைக்கும். இதுவோ நாய். சொம்புத் தண்ணீர் விழுந்ததும் குஞ்சத்திலிருந்து வால் நுனிவரை உதறிய உதறலில் முன்வரிசை முழுவதும் மஞ்சளாயிற்று. இப்படி ஓர் உத்தரவை அந்த ஊர் கண்டதில்லை.

"காசி, அது நாய். ஆடு இல்லே" என்றாள் கனகாம்பாள்.

காசி குழம்பிப்போனான். "சாமியே ஆடுன்னுதானம்மா குடுத்தாரு. குளம்பு ஏன் இல்லன்னும் சொன்னாரு. நான் அவர நம்பறதா, உங்கள நம்பறதா?"

பூசாரி அருவாளைத் துடைத்தபடி சொன்னார்: "உத்தரவு ஆயிடுச்சு. இனிமே நாயா இருந்தாலும் ஆடுதான்."

"நாய்னா கொலைக்கச் சொல்லுங்க" என்றது ஒரு குரல்.

அவள் மண்டியிட்டு அதன் முகத்தைப் பிடித்தாள். குரைடா, என் கண்ணு, ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாள். பெட்லிங்கம் அவள் கையைப் பார்த்தது. தாம்பாளம் எங்கே என்று தேடியது. பிறகு, சமர்த்தாக வாயை மூடிக்கொண்டு தலையைத் தாழ்த்தியது. அருவாளுக்கு அது வசதியாக இருந்தது.

"ஏன்னா, நாய்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன்."

மறுநாள் முதல் கோயிலில் அவருக்கு முறை. நாய் என்று சொன்னால், நாலு வருஷமாக நாய் புழங்கிய வீட்டிலிருந்து போய் அண்ணாமலையாரைத் தொட்டதாக ஆகும். குருக்கள் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பூசாரியின் கை உயர்ந்தது.

கனகாம்பாள் குரைத்தாள். மடிசார் மண்ணில் புரள, இரு கையையும் தரையில் ஊன்றி, பெட்லிங்கத்தின் மூக்குக்கு நேராக வள் வள் என்று குரைத்தாள். யாரோ சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. தொண்டை கிழிந்து இருமலாகி, இருமலுக்கு நடுவிலும் குரைத்தாள். பெட்லிங்கம் காதை விறைத்துப் பார்த்தது. தாம்பாளம் ஒலிக்கவில்லை. தயங்கி, "உர்" என்றது. இன்னும் ஒலிக்கவில்லை.

அப்புறம் அது குரைத்த குரைப்பில் வேப்பமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. நாலு வருஷத்துக் குரைப்பு அல்லவா? அருவாள் இறங்கியது. அம்மனுக்கு நாயையா நிறுத்தினேன் என்று காசி தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

ஜட்காவுக்கு முன்பே சேதி வீடு வந்து சேர்ந்திருந்தது. தெருவே வாசலில் நின்றது. குருக்கள் இறங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தார். வண்டிக்குள்ளிருந்து பெட்லிங்கம் ஒவ்வொரு வாசலையும் பார்த்துத் தனித்தனியாகக் குரைத்தது. கனகாம்பாள் அதை அடக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கவும் இல்லை. குருக்கள் உள்ளே போய்ச் சீப்பையும் கத்தரிக்கோலையும் எடுத்துவந்து, அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

அவர் பிராயச்சித்தம் செய்து முறையைக் காப்பாற்றிக்கொண்டார். அவள் மிஸ் வின்டர் இருந்த அறையையே வாடகைக்குப் பிடித்து, வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட்டாள். அறுபத்தாறில் பெட்லிங்கம் சாகும்வரை அவள் வீட்டுப்படி ஏறவில்லை.

குருக்களுக்குச் சமைக்கத் தெரியாது. தினமும் உச்சிக்காலம் முடிந்ததும் அந்த அறையின் வேலிக்கு வெளியே வந்து நிற்பார். உள்ளிருந்து பெட்லிங்கம் குரைக்கும். சாலையில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவர் கையிலிருக்கும் அகத்திக்கீரைக் கட்டை உயர்த்திக் காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஆட்டுக்குத் தழை கொண்டுவந்திருக்கேன்" என்பார்.

கனகாம்பாள் மறுக்காமல் வாங்கிக்கொண்டு போய் அவருக்குச் சமைப்பாள்.