சிவப்பு நூல் கட்டிய மொட்டு

பருத்தியில் புது ரகம் உருவாக்கும் வயலொன்றில் நான் மேற்பார்வை பார்த்தபோது, ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு அக்கா கிராசிங் வேலைக்கு வந்தார். மெலிந்த உடம்பு; கட்டைவிரலில் மட்டும் நகம் வளர்த்திருப்பார். வறட்சி தாங்குவது தாய்ச்செடி, நீளமான பஞ்சு தருவது தகப்பன்செடி. இரண்டு குணமும் ஒரே பிள்ளைக்கு இறங்க வேண்டும். அதற்காகத் தாய்ச்செடி மொட்டின் மகரந்தப் பைகளை மாலையில் நகத்தால் உரித்தெடுத்து, அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டுவார். மறுநாள் காலையில் தகப்பன் பூவைக் கொண்டுவந்து அதில் தடவுவார். கையிலெடுத்த மொட்டைப் பாதியில் விடவே மாட்டார்.

ஒரு மாலை, அவர் மகள் வேலை பார்த்த பட்டாசு ஆலைப் பக்கம் பெருஞ்சத்தம் கேட்டுப் புகை எழுந்தது. எல்லோரும் ஓடினார்கள்.

"அக்கா, வாங்க போவோம்" என்றேன்.

"இந்த ஒண்ணு சார். பாதியில விட்டா அதோட பொடியே அதுல விழுந்து கெட்டுப்போகும்."

உரித்து முடித்து, நூலையும் கட்டிவிட்டுத்தான் ஓடினார்.

மகள் பிழைக்கவில்லை. மறுநாள் காலை நாங்கள் எல்லோரும் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். தகப்பன் பூவைத் தடவ வயலில் ஆளில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வந்தவர் முதலில் கேட்டது அதைத்தான்.

"அந்த மொட்டு காய் பிடிச்சிருச்சா சார்?"

"உதிர்ந்துருச்சுக்கா."

செடியடியில் கிடந்த நூலைக் குனிந்து எடுத்தார்.

"அப்ப அன்னைக்கே நான் ஓடியிருக்கலாம்."

சொல்லிவிட்டு அடுத்த மொட்டைக் கையிலெடுத்தார். அதையும் அவர் பாதியில் விடவில்லை.