குரைக்காத காவல்

நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாதத்துக்கு ஒருவராக மூன்று காவல்காரர்களைச் சம்பளமில்லாமல் வைத்துப் பார்த்தோம். வைரஸ் தடுக்கிற மென்பொருள்களைத்தான் சொல்கிறேன். முதல் மாதம் இலவசம் என்று ஒருவன் கொடுத்தால் அப்பா அதை விட்டுவைக்கிற ஆள் இல்லை.

திரேஸ்புரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் ஆபீஸ். கப்பல் வேலைக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அனுப்புகிற தொழில். வருகிறவர் ஒவ்வொருவரும் சட்டைப்பையில் ஒரு பென் டிரைவோடு வருவார். அவர் போய்வந்த துறைமுகத்து வைரஸ் எல்லாம் அதில் இருக்கும். ஒருமுறை கம்ப்யூட்டர் அடியோடு படுத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குக் காவல் யோசனை வந்தது.

மூன்றையும் சோதித்துப் பார்த்தது அக்கா. கூடப்பிறந்தவள் அல்ல. ஏரல் பக்கத்து நெல்வயல் ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் ஆபீஸைப் பார்த்துக்கொண்டவள். அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்தவள் அவள் மட்டுமே. ஒரு நோட்டில் கோடு போட்டு எழுதினாள். எது கம்ப்யூட்டரை ஆமையாக்குகிறது, பென் டிரைவைச் செருகியதும் எது தானே பார்க்கிறது, எது நல்ல பைலையும் வைரஸ் என்று பிடித்து வைக்கிறது என்று எல்லாம் அதில் இருந்தது. எனக்கு அவள் மேல் அப்போது பெரிய மரியாதை எதுவும் இல்லை. நான் விளையாட உட்காரும்போது எழுந்திரு என்று சொல்கிற ஆள், அவ்வளவுதான்.

முதல் மென்பொருள் ஏறினதும் கம்ப்யூட்டர் நொண்ட ஆரம்பித்தது. இரண்டாவது, நிமிடத்துக்கு ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டி மணியடித்தது. அப்பாவுக்கு அதைத்தான் பிடித்தது. மூன்றாவது இருக்கிற இடமே தெரியவில்லை. அக்கா மூன்றாவதைச் சொன்னாள்.

"நாய்னா கொரைக்காண்டாமா பிள்ள?" என்றார் அப்பா.

"கொரைக்கிற நாய் கடிக்காதும்பாவல்லா அண்ணாச்சி. இது தேவைக்கு மட்டும் சத்தம் போடுது. நான் பொறுப்பு."

அந்த 'நான் பொறுப்பு'க்காக அப்பா ஒத்துக்கொண்டார்.

சில மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடின. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு வயிறு வலித்தது. அதாவது, வலிப்பதாகச் சொன்னேன். என் வகுப்புத் தோழி ஒருத்தி கார் பந்தய விளையாட்டை பென் டிரைவில் போட்டுத் தந்திருந்தாள். எங்கள் வீட்டில் காய்ச்சலோடும் மாதா கோயில் பூசைக்குப் போவார்கள். வயிற்றுவலிக்கு மட்டும் அம்மா இளகுவாள். அவர்கள் கோயிலுக்குப் போனதும் அலமாரியில் இருந்த சாவியை எடுத்து முன்னறையைத் திறந்தேன்.

பென் டிரைவைச் செருகினேன். அதுவரை வாய் திறக்காத அந்த மென்பொருள் அன்றைக்குத் திரை முழுக்கச் சிவந்தது. இது ஆபத்தான பைல், தடுத்துவிட்டேன் என்றது. கீழே சின்ன எழுத்தில் 'பரவாயில்லை, அனுமதி' என்கிற மாதிரி ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினேன். நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம்தான் என்று மறுபடி அமுக்கினேன். கார் ஓடவே இல்லை. ஏமாற்றத்தோடு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சாவியை இருந்த இடத்தில் வைத்துவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் ஒரு பைலும் திறக்கவில்லை. இத்தனை வருடம் ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்கள் அத்தனைக்கும் வைரஸை அனுப்பிய எவனோ பூட்டுப் போட்டிருந்தான். அந்த வாரம் கப்பல் ஏற வேண்டிய ஒருவர் தன் தாள்களைக் கேட்டு வாசலில் நின்றார். அப்பா முகம் வெளுத்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"சனிக்கிழமை சாயந்தரம் நல்லாத்தான இருந்துது? நேத்து நாங்க எல்லாரும் பூசைக்குப் போயிட்டோம். இன்னொரு சாவி உங்கிட்டத்தான் இருக்கு" என்றார் அக்காவிடம். எங்கள் ஆட்களுக்கு அது பெரிய சாட்சி. பூசை நேரத்தில் நடந்த தப்பை எங்களில் ஒருவர் செய்திருக்க முடியாது. பூசைக்குப் போகாதவள் அவள் ஒருத்திதான். படுத்துக்கிடந்த நோயாளியை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

"நான் நேத்து ஊரை விட்டே வரலை அண்ணாச்சி."

"அப்போ அந்தச் சாமான் என்னத்தக் காவல் காத்துது? பாத்துச் சொல்லு."

அக்கா அந்த மென்பொருளைத் திறந்து ஒரு பட்டியலைக் கொண்டுவந்தாள். மேலிருந்து கீழாக வாசித்தாள். பாதியில் அவள் கை நின்றது. நாற்காலியில் திரும்பி, கதவோரம் நின்ற என்னைப் பார்த்தாள்.

"பாப்பா, நேத்து வயித்துவலின்னு பூசைக்குப் போவலியாமே. அம்மா சொன்னாவ. இப்ப எப்பிடி இருக்கு?"

"சரியாயிட்டுக்கா" என்றேன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். இந்த நேரத்திலும் பிள்ளையை விசாரிக்கிறாளே என்று அம்மாகூட நெகிழ்ந்துபோனாள். பிறகு அக்கா பட்டியலை மூடிவிட்டு, "ஒண்ணும் தெரியல அண்ணாச்சி" என்றாள்.

"நீதான பொறுப்புன்னு சொன்ன?" என்றார் அப்பா. அந்த வாரக் கடைசியில் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் செய்த நான் அன்றைக்கு மத்தியானம் மீன்குழம்பு ஊற்றி இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். அப்பா மணியடிக்கிற மென்பொருளையே காசு கொடுத்து வாங்கினார். அது ஓயாமல் மணியடித்தது, நாங்கள் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டோம்.

அந்தப் பட்டியலில் ஒன்றும் இல்லை என்றுதான் வெகுகாலம் நம்பினேன். இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீஸில் கம்ப்யூட்டர்களின் பாதுகாப்பு என் பொறுப்பு. சேர்ந்த முதல் வாரத்தில் அதே மாதிரி ஒரு பட்டியலைத் திறந்தேன். எந்தக் கிழமை, எத்தனை மணி, எந்தப் பைல், அனுமதி என்று எத்தனை தடவை அமுக்கினார்கள், எல்லாம் வரிசையாக இருந்தன. அன்றைக்கு அக்கா படித்த வரியில் கார் விளையாட்டின் பெயரும் இருந்திருக்கும். அந்த வீட்டில் கார் விளையாடுகிறவள் நான் ஒருத்திதான்.

தன் வேலையையும், தான் தேர்ந்தெடுத்தது சரி என்பதையும் ஒரே வரியைக் காட்டிக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம் அவள். நான் செய்ததை நானே சொல்லட்டும் என்று நினைத்துத்தான் என்னிடம் கேட்டாள். நானோ அவள் என் வயிற்றைப் பற்றிக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.