வேகத்தடைத் தீர்மானம்

அந்த வருடம் சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரம், பள்ளிக்கூட வாசலில் ஒரு கன்டெய்னர் லாரி என் மகளின் சைக்கிளை உரசிக்கொண்டு போனது. எட்டாம் வகுப்புப் பெண். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மறுநாளே சிரித்துக்கொண்டு பள்ளிக்குப் போய்விட்டாள். நான்தான் கம்பெனி ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருக்கும்போது ஏர் பிரேக் சத்தம் கேட்டால் கைக்குக் கிடைப்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். இப்போதும் அப்படித்தான்.

ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகிற லாரிகளுக்கு எங்கள் ஊர்த் தெரு குறுக்குவழி. பஞ்சாயத்து ரோடு என்பதால், வேகத்தடை போடக் கிராம சபையில் ஒரு தீர்மானம் போதும் என்றார்கள். போனேன். கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, ஷாமியானாவுக்குக் கீழே சபை கூடியது. நான் பள்ளியில் குடிமையியல் பாடத்தில் படித்த ஜனநாயகம் முழுவதும் அங்கே பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தது. முன்மொழிதல், வழிமொழிதல், திருத்தம், ஆட்சேபணை என்று எதிலும் குறையில்லை.

பள்ளிக்கூட வாசலில் வேகத்தடை வேண்டும் என்று முன்மொழிந்தேன். கைதட்டினார்கள். பள்ளிக்கு எதிரே வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தவர், கைதட்டி முடித்துவிட்டு எழுந்தார்.

"நல்ல விஷயம். ஆனா என் ரூம்ல கீற பசங்க நைட் ஷிப்ட் முடிச்சிட்டுப் பகல்லதான் தூங்குது. என் வாசல்ல லாரி லாரியா பிரேக் போட்டா காலி பண்ணிக்கினு போய்டுவானுங்க. கொஞ்சம் தள்ளிப் போடுங்க தலைவரே."

நியாயம்தானே? தள்ளினார்கள். தள்ளிய இடத்தில் டிபன் கடை இருந்தது. கடைக்கார அம்மா எழுந்தார்.

"லாரி நின்னு கெளம்பினா மண்ணெல்லாம் தோசை மேலதான் விழும்."

"அத்த நாங்க ரொம்ப நாளா துன்னுகினுதான கீறோம்!" என்றது பின்வரிசை.

இன்னும் தள்ளினார்கள். இப்போது தண்ணி லாரி வைத்திருக்கும் வார்டு மெம்பரின் வீடு வந்தது.

"லோடு வண்டி ஏறி எறங்கினா பாதித் தண்ணி ரோட்லயே ஊத்திடும்."

"உன் வண்டி ஒழுகறதுக்கு வேகத்தடை வேற வேணுமா?" மறுபடி பின்வரிசை.

அடுத்து அம்மன் கோயில். தேர்ச் சக்கரம் மாட்டிக்கொள்ளும் என்றார் பூசாரி. அம்மனுக்கே இடைஞ்சல் என்றால் யார்தான் பேசுவார்கள்? ஒவ்வொரு தடவையும் தலைவர் "ஆட்சேபணை உண்டா?" என்று கேட்பார். யாருக்கும் இருக்காது. அடுத்த வீட்டுக்காரர் மட்டும் எழுந்திருப்பார். எல்லாருமே நல்லவர்கள். என் மகள் விழுந்த அன்று தூக்கிவிட்டுத் தண்ணீர் கொடுத்தவரே அந்த ரூம்காரர்தான்.

இப்படியே வேகத்தடை கடைசி வீட்டையும் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

"இங்க யாரும் ஆட்சேபிக்க மாட்டாங்க," என்றார் தலைவர் திருப்தியாக.

எழுந்தேன். "தலைவரே, அங்க ரோட்டைத் தாண்டறவங்க யாருங்க?"

"எல்லாருந்தான் சார், ஒருநாள் இல்லாட்டி ஒருநாள்."

ஷாமியானாவே குலுங்கியது. நானும் சிரித்தேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முன்மொழிந்தவர் நான்தான். பிறகு டீ வந்தது.

சொன்னபடியே போட்டார்கள். வெள்ளைக் கோடெல்லாம் அடித்து, அவ்வளவு அழகான வேகத்தடையை அந்த வட்டாரத்திலேயே நான் பார்த்ததில்லை. லாரிகள் அங்கே பவ்யமாக ஏறி இறங்கின. இழந்த நேரத்தைப் பிடிக்கப் பள்ளிக்கூட வாசலில் பறந்தன. எனக்கு முன்பைவிடத் தூக்கம் கெட்டது.

விஷயத்தைச் சொன்னதும் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு யோசித்தாள்.

"அப்ப நான் அங்கயே க்ராஸ் பண்ணிக்கறேம்பா. அந்தாண்ட ஏரிக்கரை மேலயே போனா ஸ்கூல் பின்பக்க கேட்டு வந்துடும்."

"பொம்பளப் புள்ள சுடுகாட்டு வழியா ஸ்கூலுக்குப் போறதா?" என்றாள் அவள் அம்மா, என்னைப் பார்த்து. தீர்மானம் என்னுடையது அல்லவா.

முதல் நாள் நானும் கூடப் போனேன். அங்கே ஏற்கெனவே நாலைந்து பள்ளிப் பெண்கள் சைக்கிளோடு நின்றிருந்தார்கள். என் மகள்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு கன்டெய்னர் வந்தது. பிரேக் சத்தத்தில் என் கை சைக்கிள் கேரியரைப் பற்றிக்கொண்டது. வண்டி வேகத்தடைக்கு முன்னால் நின்றே விட்டது. டிரைவர் தலையை நீட்டினார்.

"இன்னாமா, காலங்காத்தால கும்பலா இங்க?"

"ஸ்கூலுக்குப் போறோம்ணே. எங்க ஊர்ல இங்கதான் ரோட்டைத் தாண்டணும்," என்றாள் மகள்.

அவர் சிரித்து, போங்க போங்க என்று கையை ஆட்டினார். பெண்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தார்கள். மகள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பா, கைய எடுப்பா. எல்லாரும் பாக்கறாங்க."

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் எடுத்தேன்.