செல்லூர் கணினி கிளம்ப மறுத்த காலைகள்

இரண்டாயிரமாவது ஆண்டுக்குச் சற்றுப் பின் ஓர் ஆடி மாதம். எதையும் தேதியிட்டு எழுதி வைப்பது என் வழக்கம். அந்த மாதக் குறிப்புகளைப் படித்தால் இன்றும் கோபம்தான் வருகிறது.

செல்லூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் மாடியில், நூல் வரத்தைப் பதிய ஒரு கணினி இருந்தது. அதில், மூல நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்தமூலத் தரவுத்தளம் ஒன்றை நிறுவிக் கொடுத்தவன் நான். அதில் பதிவு செய்தவள் ஓர் இளம்பெண். வேலைக்கே போகாதே என்ற வீட்டில் சண்டை போட்டுச் சேர்ந்த முதல் வேலை அவளுக்கு.

சில காலைகளில் தரவுத்தளம் கிளம்பாது. ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொய் சொல்லும். அவள் எதையோ அமுக்கிக் கெடுத்துவிட்டதாக முதலாளி முடிவு கட்டினார். என்னிடம் தமிழில் பேசுகிறவர், அவளைத் திட்டும்போது மட்டும் எனக்குப் புரியாத சௌராஷ்டிர மொழிக்கு மாறினார். மாதக் கடைசியோடு நின்றுகொள் என்று சொல்லிவிட்டார் என்பதை அவள் சொல்லித்தான் அறிந்தேன்.

கிளம்பாத நாட்களை வரிசையாக எழுதினேன். அவற்றில் இரண்டு, அவள் விடுப்பில் இருந்த நாட்கள். அதைக் காட்டியும் அவர் அசையவில்லை.

காரணம் அவர் கையிலேயே இருந்தது. கடைசித் தறி நின்றதும், மெயின் சுவிட்சைத் தொட்டுக் கும்பிட்டு, தன் கையால் இறக்குவார். கணினியும் அப்படியே சாகும். முறைப்படி அணைக்கச் சொன்னேன்.

"இருபது வருசமா இப்படித்தான் இறக்குறேன். காலைல தறி ஓடலையா?"

ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி ஓர் இயக்க எண் தரும்; தரவுத்தளம் கிளம்பும்போது தன் எண்ணை ஒரு கோப்பில் எழுதும். ஒழுங்காக நின்றால் அழிக்கும். மின்சாரம் பறிபோனால் கோப்பு அப்படியே தங்கிவிடும். மறுநாள் எல்லா நிரல்களும் அதே வரிசையில் கிளம்பி ஏறக்குறைய அதே எண்களைப் பெறுவதால், ஏதோ சில நாட்களில் மட்டும் அந்தப் பழைய எண் தரவுத்தளத்தைக் கிளப்பிவிடும் நிரலுக்கே போய்ச் சேரும். அந்த எண் உயிரோடு இருப்பதைப் பார்த்துத் தரவுத்தளம் ஏமாந்து நின்றுவிடும்.

அதை உருவாக்குவோரின் மின்னஞ்சல் குழுவுக்கு எழுதினேன். கோப்பை அழித்துவிடு என்று ஒரு வரியில் பதில் வந்தது. உண்மையிலேயே ஒன்று ஓடும்போது அழித்தால் தரவு நாசமாகும் என்று அவர்களே வேறிடத்தில் எழுதியிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மூல நிரலைத் திறந்தேன். கோப்பிலுள்ள எண் தன்னைக் கிளப்பிய நிரலுடையது என்றால் பொருட்படுத்தாதே என்று சில வரிகள் சேர்த்தேன். முதலாளி வழக்கம்போலப் பத்து நாள் சுவிட்சை இறக்கினார்; பத்து நாளும் மறுநாள் காலை தரவுத்தளம் கிளம்பியது.

முதலாளி சிரித்தார். "சரி, அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க."

அதற்குள் மாதம் முடிந்து அவள் நின்றிருந்தாள். அவள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"தப்பு என் மேல இல்லன்னு அங்க எல்லாரும் கேக்க அவரு சொல்லட்டும்ண்ணே. சொன்னா நான் வேலைக்கு வாரேன்."

அதை அவரிடம் சொன்னேன். ஒரு மெஷினுக்காக ஒரு பிள்ளையிடம் போய்த் தணிந்து பேசுவதா என்று கேட்டார். அந்த வாரமே வேறு ஆளை வைத்தார். நான் சேர்த்து அனுப்பியிருந்த வரிகளை அந்த மின்னஞ்சல் குழு ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது. அதற்குப் பதில் எழுதவில்லை. அந்த மாடிக்கும் பிறகு நான் ஏறவில்லை.