நயினாரின் பிரேக் லைட்

தென்காசி கார் எலக்ட்ரீஷியன் செல்லச்சாமிக்குப் பேய் என்றால் இளக்காரம். "பேயாவது பிசாசாவது, வயரைப் பாருலே" என்பார். கடையும் இல்லை, போர்டும் இல்லை. ஒரு தோல்பையும் டெஸ்ட் பல்பும்தான். வாய் அதிகம், அதனால் எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் 1981 குற்றாலச் சீசனில் அவரை இலஞ்சிக்குக் கூட்டிவந்தது நான்தான். பக்கத்து வீட்டு முத்துவடிவுக்கு வேறு நாதியில்லை.

அவள் வீட்டுக்காரர் நயினார், சொந்த அம்பாசிடரை டாக்சியாக ஓட்டியவர். சித்திரையில் குற்றாலத்திலிருந்து ஆட்களை ஏற்றி வரும்போது மாரடைப்பு. வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுத்தான் சாய்ந்தார். பின்னால் இருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. அவரை இறக்கும்போதும் கால் பிரேக்கை அமுக்கியபடியே இருந்ததாம்.

ஆனியில் சாரல் விழுந்ததும் அது தொடங்கியது. கொட்டகையில் ஆளில்லாமல் நிற்கும் வண்டியின் பிரேக் லைட் திடீரென்று சிவக்கும். கொஞ்ச நேரம் எரிந்து அணையும். பழைய வயரிங், பிரேக்கை அமுக்கினால் சாவி போடாமலே எரியும் என்பது சரிதான். ஆனால் யார் அமுக்குவது? பட்டப்பகலில் நானே பார்த்தேன். முன்சீட்டை எட்டிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஓட்ட வந்த டிரைவர் பலவேசம், "லைட்டு நின்னா வாரேன், இல்லன்னா ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டான். சீசனில் வண்டி ஓடாவிட்டால் அதை விற்றுவிட்டு முத்துவடிவு ஆலங்குளத்தில் அண்ணன் வீட்டில் ஒண்ட வேண்டும். அந்த அண்ணி எப்படிப்பட்டவள் என்று எங்களுக்குத் தெரியும்.

செல்லச்சாமி வந்தபோது லைட் எரிந்துகொண்டிருந்தது. பெடலைத் தொட்டுப் பார்த்தார். அது மேலேதான் நின்றது. வண்டிக்கு அடியில் படுத்து, பிரேக் குழாயில் இருந்த சுவிட்சின் வயரைக் கழற்றினார். அணைந்தது. மாட்டினார். எரிந்தது.

"பிரேக் ஆயில் தள்ளினாத்தான் இது லைட்டைப் போடணும். இது தள்ளாமலே போடுது. உள்ள தகடு ஒட்டிக்கிடுது, அவ்வளவுதான். இதுக்குப் போயி பயப்படுதீக" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எரிச்சலாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

புது சுவிட்ச் போட்டார். குழாயில் புகுந்த காற்றை எடுக்க ஒருவர் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்த பலவேசம் தெருவாசலைத் தாண்டவில்லை. நான் தென்னையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முத்துவடிவு கதவைத் திறந்து ஏறினாள். அந்த சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை.

"அமுக்கு தாயி... விடு... அமுக்கு."

காற்றெல்லாம் போனதும் லைட்டைப் பார்க்கப் பின்னால் வந்தார். "அமுக்கு" என்றார். சிவந்தது. "விடு" என்றார். அணையவில்லை. சத்தமாக மறுபடி சொன்னார். எரிந்துகொண்டே இருந்தது.

செல்லச்சாமியின் முகம் வெளுத்ததை அன்றுதான் பார்த்தேன். மெல்ல நடந்து முன்கதவுப் பக்கம் போனார். நானும் போனேன். அவள் கால் பெடலில் அழுந்தியிருந்தது.

"காலை எடும்மா."

"என் காலுக்கு அடியில அவுக காலு இருக்கு அண்ணாச்சி" என்றாள். "சூடா இருக்கு. நான் எடுத்தா அவுகளும் எடுத்துருவாக."

செல்லச்சாமி வயரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை. "உனக்கு எப்பத் தோணுதோ அப்ப எடு தாயி" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போய்ச் சாரலில் நின்றார். பலவேசமும் உள்ளே வந்து பக்கத்தில் நின்றான். அந்த லைட் அணைய வேண்டும் என்றுதான் இத்தனை பாடும். இப்போது எங்களில் ஒருவருக்கும் அது அணைய வேண்டும் என்று இல்லை.

அணைந்தது. "சரி, போயிட்டு வாங்க" என்று முத்துவடிவு உள்ளேயிருந்து சொன்னாள். எங்களிடம் சொல்லவில்லை.