பையனுக்காக அழுதவள்

ஆறு வருடமாக ஒரு பையனுக்காக நான்தான் அழுதுகொண்டிருந்தேன். குடும்பப் படங்களில் வருவானே, கன்னத்தில் குழி விழுகிற பையன், கேள்வி கேட்டே பெரியவர்களை மடக்குகிறவன், அவனுக்காக. திரையில் தெரிந்த முகம் அவனுடையது, கேட்ட குரல் என்னுடையது. சினிமாவில் சிறுவர்களுக்கு டப்பிங் பேசுகிறவர்களில் பல பேர் என்னைப் போல நாற்பதைத் தாண்டிய பெண்கள்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை.

அவனுக்கு நான்கு படம் பேசினேன். எல்லாம் ஒரே கதை. பங்காளிச் சண்டையில் வீடு இரண்டாகும், இடைவேளைக்குப் பிறகு யாராவது ஆஸ்பத்திரியில் கிடப்பார்கள், பையன் கதறுவான், எல்லோரும் ஒன்று சேர்ந்துவிடுவார்கள். அந்தக் கதறல்தான் என் பாடு. "அப்பா" என்ற ஒரே வார்த்தைக்கு இருபது டேக். மூக்கு இன்னும் கொஞ்சம் அடைக்கட்டும், மூச்சு இன்னும் கொஞ்சம் வாங்கட்டும் என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மாலையில் ஆவடி ரயிலில் நின்றுகொண்டே திரும்புவேன். யாராவது மணி கேட்டால் பேசாமல் கைக்கடிகாரத்தை நீட்டிவிடுவேன். தொண்டை அப்படி எரியும்.

வீட்டிலும் அதே அழுகைதான். என் கணவருக்கு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். சமையலறையில் குக்கர் சத்தத்தோடு சத்தமாக அழுது பழகுவேன். குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுப் பெண்மணி, ஆவடியிலேயே பிறந்து வளர்ந்தவர், கதவைத் தட்டினார். "இன்னாக்கா, கொயந்தய ஏன் இந்த அடி அடிக்கிற?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

ஐந்தாவது படம் வந்தபோது பையனுக்குப் பன்னிரண்டு வயது. இனி அவனே பேசட்டும் என்றார் இயக்குநர். நியாயம்தான். ஆனாலும் எனக்குத் திக்கென்றது. கொஞ்ச நாளாகவே என் குரல் தடித்துக்கொண்டு வந்தது. மற்ற பையன்களுக்குக் கூப்பிடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள். இவனும் போனால் இந்தத் தொழிலும் போயிற்று என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வாரம் கழித்து ஸ்டுடியோவிலிருந்து போன் வந்தது.

"பேச்செல்லாம் பேசிட்டான் மேடம். மைக் முன்னாடி அழ மட்டும் கூச்சப்படுறான். ஆஸ்பத்திரி சீனுக்கு மட்டும் நீங்க வந்து அழுதுட்டுப் போங்க."

போனேன். அன்றைக்கென்று தொண்டை மக்கர் பண்ணியது. குரலை மேலே ஏற்றும்போதெல்லாம் கிழவியின் இருமல் போல உடைந்தது. நாலு மணி நேரம் நின்றேன். கடைசியில், "ஓகே மேடம், பாத்துக்கிறோம்" என்றார்கள். நன்றாக வந்திருந்தால் சூப்பர் என்றிருப்பார்கள்.

படம் வந்த ஞாயிற்றுக்கிழமை, பகல் காட்சிக்கு அம்பத்தூர் போனோம். நாங்கள் மூன்று பேர், கூடவே பக்கத்து வீட்டுப் பெண்மணி. ஆஸ்பத்திரி சீன் நெருங்கியதும் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த அழுகை தேறியிருந்தால் அடுத்த படத்துக்கும் கூப்பிடுவார்கள்.

பையன் கதறினான். அது நான் இல்லை.

படப்பிடிப்பிலேயே பதிவாகியிருந்த அவனுடைய சொந்த அழுகையை வைத்துவிட்டார்கள். பின்னால் ஏதோ மின்விசிறி இரைச்சல்கூடக் கேட்டது. குரல் பாதி குழந்தையாக, பாதி ஆம்பளையாகக் கீறிக்கொண்டு வந்தது. நூறு டேக் எடுத்தாலும் எனக்கு அது வராது. அவமானமாக இருந்தது. அதைவிட அசதியாக இருந்தது. ஆனாலும் அவன் அழுததைக் கேட்டு எனக்கும் அழுகை வந்துவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெண்மணி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, படத்துல இன்னாமா அயுதுகீற! மன்ச ஆட்டிட்ட போ" என்றார். என் கணவர் முன்வரிசையில் இருந்தவரின் தோளைத் தட்டி, "இந்த அழுகை எங்க வீட்டம்மாவோடது சார்" என்றார். அவர் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார். இல்லை என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

மகள் சமையலறை அழுகையைக் கேட்டே வளர்ந்தவள். படம் முடிந்து படியிறங்கும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மற்ற இருவரும் கொஞ்சம் முன்னால் போனார்கள்.

"அது நீ இல்லல்லம்மா?"

"இல்ல."

"அப்பா நாளைக்கு ஃபேக்டரி முழுக்கச் சொல்லப் போறாரு."

"சொல்லட்டும். ஒரு நாள்தானே."

"அப்ப அடுத்த படம்?"

"இனிமே அவனே அழுதுக்குவான்" என்றேன்.