வானொலி மாமிக்கு மத்தியானச் சாப்பாடு

எங்கள் அனலைதீவுக்காரருக்கு ஒரு குணம். வெளியில் யாராவது பெயர் எடுத்துவிட்டால், அவருக்கு இந்த மண்ணில் வேர் இருக்கிறதா என்று தோண்டிப் பார்ப்போம். அவருடைய பாட்டனார் இங்கே ஒரு கோடை முழுக்கப் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்திருந்தால் போதும், அவர் எங்கட ஆள்தான். அப்படித் தேடிச் சேர்த்த கலைஞர்களுக்கு எழுபதுகளின் கடைசியில் வாசிகசாலை ஒரு பாராட்டு விழா வைத்தது. ஒரு நாதஸ்வரக்காரர், ஒரு மிருதங்கக்காரர், எல்லாருக்கும் மேலே கொழும்பிலிருந்து வானொலி மாமி.

வானொலி நாடகத்தில் மருமகளை வதைக்கும் மாமியாராக நடித்தவர் அவர். தகப்பன் எங்கள் ஊர். அவர் பிறந்து வளர்ந்தது கொழும்பில். அவரைக் குரலாக மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். அந்தக் குரல் வந்தால் அம்மா ரேடியோவோடு சண்டை பிடிப்பார். நாசமாய்ப் போவாள் என்று திட்டிக்கொண்டே, ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்பார்.

அந்தக் கோபம் ரேடியோவில் தொடங்கியதல்ல. அக்காவைக் கடலுக்கு அந்தப் பக்கம், புளியங்கூடலில் கட்டிக் கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை ஒரே பிள்ளை என்பதால், எங்கள் வழக்கத்துக்கு மாறாக அவள் மாமியார் வீட்டில் போய் இருந்தாள். அவளுக்குக் குழந்தை பிறந்து, துடக்குக் கழிக்கும் முப்பத்தோராம் நாளன்று அம்மாவுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. அதன்பிறகு அம்மா அந்த வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போகவில்லை. பிள்ளை அங்கே எப்படி இருக்கிறாளோ என்று பயம்; போய்ப் பார்க்க ரோசம் விடவில்லை. அக்காவைக் காணாமல் எனக்கும் மனம் அந்தரித்தது.

விழாவுக்கு வருகிறவருக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று அப்பா ஒப்புக்கொண்டுவிட்டார். அவளுக்குச் சோறு போட ஏலாது என்று அம்மா குசினிக் கதவைச் சாத்தினார். ஆனாலும் சமைத்தார். கோபம் வந்தால் அம்மாவின் கறிக்கு ருசி கூடும்.

வாசிகசாலைக்காரர்கள், கிழவியை இருத்தித் தூக்கி இறக்குவதற்கென்று, கைபிடி வைத்த கதிரை ஒன்றைத் துறைக்குக் கொண்டுபோனார்கள். வள்ளத்திலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு குதித்ததோ முப்பது வயதும் மதிக்க முடியாத ஒரு பெண். மாலையோடு நின்றவர்கள் அவரை விலத்திக்கொண்டு கிழவியைத் தேடினார்கள். அவர் அந்தப் பொல்லாத குரலில் ஒரு அதட்டுப் போட்டார். கதிரை பிடித்திருந்தவர் தானே அதில் இருந்துவிட்டார்.

வீட்டில் நான்தான் பரிமாறினேன். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. கொஞ்ச நேரத்தில் விருந்தாளியே சோற்றுக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய், இன்னும் கொஞ்சம் சொதி கேட்டார். மாமியின் குரல் அல்ல, மென்மையான குரல். அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொதியை ஊற்றினார்.

"ஏன் பிள்ளை, அந்தப் பெட்டையை இந்தப் பாடு படுத்துறீர்?"

எழுதித் தருவதைத்தானே வாசிக்கிறேன் என்று அவர் சிரித்தார். மருமகளாக நடிப்பவள் தன்னுடைய சிநேகிதி என்றும், நாடகம் முடிந்தால் இருவரும் ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம் என்றும் சொன்னார்.

அம்மா அகப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப அவள் நல்லாச் சாப்பிடுறவளோ?"

"ஓம் அம்மா. என்ரை பங்கையும் சேர்த்துச் சாப்பிடுவாள்."

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். அம்மா எந்தப் பெட்டையைக் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

விழா அமர்க்களமாக நடந்தது. பொன்னாடை போர்த்தியதும் அவர் மாமியின் குரலில் சபையையே திட்டினார். முன்வரிசையிலிருந்து உரத்துக் கை தட்டியது அம்மா. பின்னேர வள்ளத்துக்கு முன்னர், மருமகளாக நடிக்கிற பிள்ளைக்கு என்று சொல்லிப் பனங்காய்ப் பணியாரம் கட்டிக் கொடுத்தும் விட்டார்.

வழியனுப்பிவிட்டு வந்தால், குசினியில் அதைவிடப் பெரிய பொட்டலம் ஒன்று இருந்தது. யாருக்கு என்று கேட்டேன்.

"கொக்காவுக்கு. நாளைக்கு முதல் வள்ளத்தில போவம், நீயும் வா."

அக்கா ஒருத்திக்கு இவ்வளவா என்றேன். அம்மா என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றை இறுக்கினார்.

"அவளின்ரை மாமிக்கும் சேர்த்துத்தான் கட்டினனான்."